கேள்வி–பதில்: உதிரும் சாத்துக்குடி, கணக்குத் தப்பும் ஊக்கி

கேள்வி: சாத்துக்குடி நிறம் திரும்பும் சமயத்தில் நிறையக் கொட்டிவிடுகிறது. 2,4-டி என்ற வளர்ச்சி ஊக்கியை அடித்தால் நிற்குமா? அளவு என்ன?

பதில்: கீழே கிடக்கும் காய்களில் இருபதைப் பொறுக்கி, காம்புப் பக்கத்தைப் பாருங்கள். முற்றிய காய் தானாகக் கழன்றிருந்தால் புல்லி (காம்படியில் காயைப் பிடித்திருக்கும் பச்சை வட்டு) மரத்திலேயே தங்கிவிடும். காயில் சுத்தமான வட்டக் குழி மட்டும் தெரியும். புல்லியும் காயும் சேரும் இடத்தில் பிரிவுத் திசு நெகிழ்வதால் வரும் உதிர்வு இது. 2,4-டி இதைத்தான் தடுக்கும். ஊசி குத்தியது போன்ற துளையும் அதைச் சுற்றி மெத்தென்ற அழுகலும் இருந்தால் பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி. உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. காம்படி கறுத்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சாணம். இவற்றுக்கு ஊக்கி அடிப்பது வெட்டிச் செலவு.

அளவு 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு), அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மூலப்பொருள் (கலப்பில்லாத மருந்து). 80 சதவீத சோடியம் உப்பு என்றால் 2.5 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், கிராம் தராசில் நிறுங்கள். உதிர்வு தொடங்கும் முன்பே அடிக்க வேண்டும். பிடி விட்ட காய் மறுபடி ஒட்டாது. இளந்துளிர் இருக்கும்போது அடித்தால் இலை சுருண்டுவிடும். 2,4-டி அடிப்படையில் களைக்கொல்லி. எஸ்டர் வகை ஆவியாகிப் பரவும் என்பதால் அதைத் தொடாதீர்கள். பக்கத்தில் பருத்தி, தக்காளி, திராட்சை இருந்தால் காற்றில்லாத காலையிலும் யோசித்தே அடியுங்கள். எலுமிச்சை இனத்துக்கு அனுமதி உண்டா என்று லேபிளைப் பார்த்து வாங்குவது முக்கியம்.

கேள்வி: பிஞ்சு உதிராமல் இருக்க என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியின் 4.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 4.5 மில்லி கலந்து அடித்தோம். இருந்ததும் கொட்டிவிட்டது. ஏன்?

பதில்: 10 லிட்டருக்கு உரிய அளவை ஒரு லிட்டருக்குப் போட்டிருக்கிறீர்கள். அது 200 பி.பி.எம்.முக்கு மேல். அதிகமாகக் காய்த்த மரத்தில் பிஞ்சைக் கழிக்கவே அடிக்கிற அளவு! உதிர்வைத் தடுக்க 20 பி.பி.எம். போதும், 10 லிட்டருக்கு சுமார் 4.5 மில்லி. ஒரே மருந்து அளவைப் பொறுத்துக் காயைப் பிடிக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். இப்போது மேலும் எதையும் அடிக்க வேண்டாம். மண் ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டாலே மீதிப் பிஞ்சு நிற்கும்.

கேள்வி: ஜிப்பரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியின் தூள் தண்ணீரில் மிதக்கிறது. எப்படிக் கரைப்பது?

பதில்: 10 பி.பி.எம்.முக்கு 100 லிட்டருக்கு 1 கிராம் மூலப்பொருள் வேண்டும். 90 சதவீதத் தூளானால் 1.1 கிராம். அதை முதலில் சிறிது ஆல்கஹாலில் முழுதாகக் கரைத்து, பிறகு தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். காரத் தண்ணீரில் வீரியம் குறையும். அதனால் சிட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். (அமில-கார அளவு) 7-க்குக் கீழே இறக்கிவிட்டு மருந்தை ஊற்றுங்கள்; கலந்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். நிறம் திரும்பத் தொடங்குகையில் அடித்தால் தோல் தளராமல் காய் மரத்தில் கூடுதல் நாள் நிற்கும், ஆனால் மஞ்சளாவது தள்ளிப்போகும். சீக்கிரம் பறித்து விற்க நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. பூ மொட்டு உருவாகும் பருவத்தில் அடித்தால் அடுத்த பூ குறையும்.