ஜூரோவா, ஜீரோவா?

கேள்வி: சீனாவில் சியான் நகரில் எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ராத்திரியானால் நண்பர்கள் தள்ளுவண்டிக் கடைக்குக் கூப்பிடுகிறார்கள். கம்பியில் குத்தி, கரி நெருப்பில் சுட்ட கறி. வாசனை இழுக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டோம். “எலிக்கறியாகக்கூட இருக்கும், தொடாதே” என்கிறார் அம்மா. சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம் தம்பி. எந்தக் கடை, என்ன கறி என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

அம்மாவின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். 2013-இல் நரி, எலி, மிங்க் (ரோமத்துக்காக வளர்க்கும் கீரி போன்ற சிறு விலங்கு) இறைச்சியை ஆட்டுக்கறி என்று விற்ற கும்பல் ஒன்று சீனாவில் பிடிபட்டது. மூன்றே மாதத்தில் இறைச்சி மோசடிகளுக்காக 900-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்ததாகச் சீனக் காவல்துறையே அறிவித்தது. ஆகவே, அக்கம்பக்கத்துக் கடைகளைவிட ரொம்ப மலிவாக ஆட்டுக்கறி கிடைத்தால், அந்த வண்டிப் பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் இருப்பது சியான் என்பது பெரிய வசதி. முரசுக் கோபுரத்தை ஒட்டி ஹுய் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இருக்கிறது. கடைப் பலகையில் ‘சிங்ஜென்’ என்று எழுதியிருந்தால் அது ஹலால் கடை, பன்றி இருக்காது. ஆனால் மாட்டுக்கறி நிறையவே இருக்கும். அதனால் வாய்விட்டுக் கேட்டே ஆகவேண்டும். ஆடு ‘யாங்ரோ’, மாடு ‘நியூரோ’. மற்ற கடைகளில் இன்னும் கவனம் தேவை: பன்றி ‘ஜூரோ’, கோழி ‘ஜீரோ’. இரண்டுக்கும் தொனியும் ஒன்றே, நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டுக்கான எழுத்தின் உச்சியில் இரண்டு கொம்புகள் போலக் கோடுகள் இருக்கும். இதை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

கறியை நெருப்பில் வைப்பதற்கு முன்பே பாருங்கள். பச்சைக் கறி குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். நல்ல ஆட்டுக் கம்பியில் கறிக்கு நடுவே ஒரு கொழுப்புத் துண்டு கோத்திருப்பார்கள். அது உருகி இறங்கித்தான் கறி காயாமல் வேகும். அந்தக் கொழுப்பே கரியில் சொட்டித் தீ எழும்பினால் கறி கருகி, புகை படியும். அதில் புற்றுநோயைத் தூண்டும் சேர்மங்கள் உண்டு என்று உங்கள் பாடத்திலேயே வந்திருக்கும். தீ எழும்பியதும் கம்பியைத் தள்ளி வைக்கிறவர் கை தேர்ந்தவர், அவரிடம் வாங்குங்கள். கருகிய ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். கோழியின் நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்து இன்னும் சுடச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்ததையும் வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாந்தி, பேதி அந்த வழியாகவும் வரும்.

மேலே தூவுவது மிளகாயும் சீரகமும்தான். சீரகத்தை அங்கே ‘ஸிரான்’ என்பார்கள். சீனாவின் வடமேற்கிலுள்ள சின்ஜியாங் பகுதியின் உய்குர் முஸ்லிம் மக்கள் வழியாகச் சீனா முழுக்கப் பரவிய ருசி இது. காரம் குறைவாக வேண்டுமென்றால் ‘வெய் லா’ என்று சொல்லுங்கள்.

அப்புறம், கறி வேண்டாம் என்று தோன்றும் நாளும் வரும். கத்தரிக்காயை நீளவாக்கில் பிளந்து, பூண்டு நிறையப் போட்டு அதே கரியில் சுடுவார்கள். எண்ணெய் தடவும் பிரஷ் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், இதையும் சிங்ஜென் கடையிலேயே கேளுங்கள், பன்றியாவது படாது. மாட்டுக்கறிக்குத் தொட்ட பிரஷா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.