வாசகர் கேள்வி: ஹாப் சேர்த்த பீர் பாட்டிலில் பொங்குவது ஏன்?

கேள்வி: வீட்டில் 20 லிட்டர் ஏல் வகை பீர் தயாரித்தேன். நொதித்தல் முடிந்து ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி) 1.012 காட்டிய பிறகு, பீருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப் பூவின் வில்லைகளை 100 கிராம் சேர்த்து ஐந்து நாட்கள் வைத்திருந்தேன். பின்னர் சர்க்கரையைத் தொட்டியில் அப்படியே தூவி, லேசாகக் கலக்கி, பாட்டில்களில் அடைத்தேன். மூன்று வாரங்களுக்குப் பிறகு பெரும்பாலான பாட்டில்கள் திறந்தவுடன் பொங்கி வழிகின்றன; சிலவற்றில் வாயுவே இல்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் மீதமுள்ள பாட்டில்களைக் கவனியுங்கள். அழுத்தம் மிகுந்த கண்ணாடி பாட்டில் வெடிக்கக்கூடும். எனவே கண் கவசமும் தடித்த கையுறையும் அணிந்து அவற்றைக் குளிர்பெட்டிக்கு மாற்றி, நன்கு குளிர்ந்த பின்னரே திறக்க வேண்டும்.

உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள் என்றே கருதுகிறேன். சில பாட்டில்களில் வாயு இல்லாததற்குச் சர்க்கரை சீராகக் கலக்காததே பெரும்பாலும் காரணம்; மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பொங்குவதற்கான காரணம் இன்னும் ஆழமானது. ஹாப் பூவில் இயல்பாகவே சில நொதிகள் உள்ளன. கொதிக்கும்போது சேர்த்தால் அவை வெப்பத்தில் செயலிழந்துவிடும்; நொதித்த பீரில் நேரடியாகச் சேர்க்கும்போதோ, ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் எஞ்சியிருந்த டெக்ஸ்ட்ரின் என்னும் சிக்கலான மாவுச்சத்துக் கூறுகளை அவை எளிய சர்க்கரைகளாக உடைக்க, அடங்கியிருந்த ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் 1.012 என்று அளந்தது ஹாப் சேர்ப்பதற்கு முன்பு. அடைக்கும் நாளில் நொதித்தல் ஓய்ந்திருந்தது என்பதற்கு அந்த அளவு சான்றாகாது. பாட்டிலுக்குள் அது 1.008-க்கு இறங்கினால், நீங்கள் சேர்த்த சர்க்கரை தரும் வாயுவுக்கு மேல் பீரின் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக உருவாகும்.

இதைச் சோதிப்பது எளிது. பொங்கிய பீரைச் சிறிது எடுத்து, வாயு முழுவதும் வெளியேறும்வரை கலக்கி, அறை வெப்பநிலைக்கு வந்ததும் அளந்து பாருங்கள். 1.012-க்குத் தெளிவாகக் கீழே இருந்து, புளிப்போ வேண்டாத மருந்து வாடையோ இல்லையென்றால் என் கணிப்பு சரி. புளிப்பு இருந்தால் கிருமித் தொற்றையே சந்தேகிக்க வேண்டும். மிதக்கும் ஹாப் துகள்களும் குமிழிகள் தோன்ற இடமளித்து நுரையைத் தூண்டும். ஆனால் அவை மட்டுமே இவ்வளவு பொங்கச் செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த முறை, ஹாப் சேர்த்து மூன்று நான்கு நாட்கள் கழித்து அளக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்கள் அளவு மாறாமல் இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்கத் தயாராகுங்கள். அந்தச் சமயத்தில் வெண்ணெய் வாசனை வந்தால் ஈஸ்ட் அதை நீக்கும்வரை பொறுத்திருங்கள். அதன் பின் தொட்டியைக் குளிர்வித்தால் துகள்கள் அடியில் படியும். சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்திகரித்த வேறொரு பாத்திரத்தின் அடியில் ஊற்றி, பீரைக் குழாய் வழியே சலசலப்பின்றி அதன்மேல் இறக்குங்கள். காற்று கலந்தால் நீங்கள் விரும்பிச் சேர்த்த ஹாப் மணம் விரைவில் மங்கிவிடும். 20 லிட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரை போதுமானது.