எழுந்து நின்றால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. கிராமத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக, படுக்கையை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறதாம். போன மாதம் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி வெகு தூரம். "வயசானா அப்படித்தான்" என்கிறார். எங்களோடு நகரத்துக்கே அழைத்து வந்துவிடலாமா?

பதில்: அழைத்து வருவதை அப்புறம் பார்க்கலாம். வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக்கூடிய தலைசுற்றல் இல்லை இது.

எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி அதைச் சமாளிக்க வேண்டும். முதுமையிலும், நீண்ட நாள் சர்க்கரையிலும் அந்த வேகம் குறைந்துவிடுகிறது. பிரஷர் மாத்திரைகள், முக்கியமாகச் சிறுநீரை அதிகம் போக வைப்பவை, இதைக் கூட்டும். உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது பிடிபடாது. 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1-வது, 3-வது நிமிடங்களில் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஊருக்கு வரும் நர்ஸே பார்த்துவிடலாம், பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள்: அம்மா தண்ணீர் குடிக்கிறாரா? கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், இருட்டில் போக பயந்து மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெரியவர்கள் நிறைய பேர். நாமாகக் கேட்டால் ஒழிய சொல்ல மாட்டார்கள். வயதானால் தாகமும் குறைவாகத்தான் எடுக்கும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளட்டும். (இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும்.) கட்டிலருகே ஒரு விளக்கும், இரவுக்கு ஒரு கமோடு நாற்காலியும் இருக்கட்டும். முதலில் கூச்சப்படுவார், விடாதீர்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைத் தவறவிட்டு சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டாலும் தலை சுற்றும், கூடவே வியர்வையும் நடுக்கமும் வரும். அந்த நேரத்தில் சர்க்கரை அளவைப் பார்ப்பது நல்லது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர் என்றால், அது பி12 வைட்டமினைக் குறைக்கலாம் என்பதால் பி12 பரிசோதனையும் தேவை.

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பல நேரம் ஒரு மாத்திரையைக் குறைப்பதே வைத்தியம். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், கறுப்பாக மலம் போவது இருந்தாலோ, எவ்வளவு தூரமானாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

நகரத்துக்கு வருவது அம்மாவின் விருப்பம். பழகாத வீட்டில் இருட்டில் கழிப்பறையைத் தேடினாலும் விழத்தான் செய்வார். இப்போதைக்கு, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவியும் உங்கள் நம்பரும் இருக்கட்டும். காலையில் ஒரு போன் செய்து, எழுந்தபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள்.