மருத்துவமனைக் கட்டண வழக்கில் தோற்றுவிட்டேன்: மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். தனியார் நிறுவனத்தில் மாதம் 34,000 ரூபாய் சம்பளம். என் அப்பா ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 23 நாள் இருந்து இறந்துபோனார். காப்பீட்டுப் பணம் போக 5,90,000 ரூபாய் பாக்கி என்று சிட்டி சிவில் கோர்ட்டில் என்மீது வழக்குப் போட்டார்கள். அப்பாவைச் சேர்த்த இரவில் நான் கையெழுத்திட்ட படிவத்தையே ஆதாரமாகக் காட்டினார்கள். பில்லில் தவறு உண்டு என்று நாங்கள் எதிருரையில் (வழக்குக்குக் கொடுத்த எழுத்துப் பதிலில்) சொல்லியிருந்தும், மருத்துவமனைக் கணக்காளரை எங்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. முழுத் தொகையையும், வழக்குப் போட்ட நாளிலிருந்து வசூலாகும் வரை 12 சதவீத வட்டியுடன் நான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாகி 46 நாள் ஆகிறது. நான் ரொக்கமாகக் கட்டிய 50,000 ரூபாயை அவர்கள் வரவு வைக்கவே இல்லை. அதன் ரசீது இப்போதுதான் வீட்டில் கிடைத்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அது முடிந்துவிட்டது என்கிறார் வேலூரில் உள்ள என் மாமா. அப்பாவைக் காப்பாற்றாதவர்களுக்கு இவ்வளவு பணம் கட்டத்தான் வேண்டுமா? என்னைக் கைது செய்வார்களா? சம்பளத்தையும் அம்மா பெயரில் உள்ள வீட்டையும் ஜப்தி செய்துவிடுவார்களா?

பதில்: முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் மாமா சொன்ன 30 நாள், மாவட்ட நீதிமன்றம் போன்ற நீதிமன்றங்களுக்குச் செல்லும் மேல்முறையீட்டுக்கு உரியது. பெங்களூரு நகர சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையை எதிர்த்து நேராகக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 116ஆவது இனம் 90 நாள் தருகிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை சென்ற காலமும் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி கழிக்கப்படும்; அந்தத் தேதிகள் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன் நீங்கள் காத்திருந்த நாட்கள் கழிக்கப்பட மாட்டா என்பதால், நகலுக்கு இன்னும் மனுக் கொடுக்கவில்லை என்றால் நாளைக் காலையே கொடுங்கள்.

இனி, எதை வைத்து மேல்முறையீடு செய்வது என்பது. அப்பாவைக் காப்பாற்றவில்லை என்ற உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மேல்முறையீட்டை அதன்மீது கட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தது என்பதை எதிருரையில் எழுப்பாமல், அதற்குச் சாட்சியமும் வைக்காமல், உயர் நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சொன்னால் அது ஏற்கப்படாது. அது நுகர்வோர் ஆணையத்தில், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தனியாகத் தொடுக்க வேண்டிய புகார். இங்கே உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியவை காகிதமும் கணக்கும்தான்.

எனக்கு மிக வலுவாகத் தெரிவது வட்டி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, தீர்ப்பு நாளுக்குப் பிந்தைய வட்டி ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வணிக நடவடிக்கையிலிருந்து எழுந்த கடனுக்கு மட்டுமே அதற்கு மேல் விதிக்கலாம். எது வணிக நடவடிக்கை என்பதையும் அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது: கடன்பட்டவருடைய தொழில் அல்லது வியாபாரத்தோடு தொடர்புடையதாக அது இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு இது தொழிலாக இருக்கலாம். தந்தையைச் சிகிச்சைக்குச் சேர்த்த மகளுக்கு அது தொழில் ஆகாது. 5,90,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 70,800 ரூபாய், 6 சதவீதம் என்றால் 35,400 ரூபாய். வழக்கு நடந்த காலத்துக்கான வட்டி நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது. அதையும் குறைக்கும்படி கேட்கலாம், ஆனால் அது உறுதியில்லை.

அடுத்தது 50,000 ரூபாய் ரசீது. மேல்முறையீட்டில் புதிய ஆவணத்தை விருப்பம்போல் தாக்கல் செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27இன் கீழ் தனி மனுப் போட்டு, தக்க முயற்சி எடுத்தும் விசாரணையின்போது அதைக் கொண்டுவர இயலாமல் போன காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே இருந்த காகிதத்தை ஏன் தேடவில்லை என்று நீதிபதி கேட்பார். அதற்கு உண்மையான பதிலைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள், அழகான பதிலைத் தேட வேண்டாம். சரியான தீர்ப்புச் சொல்ல அந்த ஆவணம் தனக்கே தேவை என்று நீதிமன்றம் கருதினாலும் அதை ஏற்கலாம் என்று அதே விதி கூறுகிறது. மருத்துவமனையே கொடுத்த ரசீது என்பதால் அந்த வழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்தப் பணத்தை வங்கியிலிருந்து எடுத்திருந்தால், அந்த நாளின் கணக்கு அறிக்கையையும் உடன் இணையுங்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் வாசகத்தை ஒரு சொல் விடாமல் படிக்க வேண்டும். நோயாளியின் உறவினர் என்ற முறையில் மட்டும் கையெழுத்து இருந்தால், உங்களைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கியது தவறு என்று வாதிடலாம். வாரிசு என்ற வகையில் அப்பா விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே உங்கள் பொறுப்பு நிற்கும். கட்டணம் முழுவதையும் நானே செலுத்துவேன் என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. அதனால் எனக்கு ஒரு பலனும் இல்லையே என்ற வாதம் நிற்காது, ஏனெனில் ஒப்பந்தச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, அப்பாவின் நன்மைக்காகச் செய்யப்பட்டதே, அவர் கடனுக்கு நீங்கள் நின்ற ஜாமீனுக்குப் போதுமான மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது). மன உளைச்சலில் இருந்தவரிடம் வாங்கிய கையெழுத்து என்று, தகாத செல்வாக்கு பற்றிய அதே சட்டத்தின் 16ஆம் பிரிவைக் காட்டலாம்தான். ஆனால் அதன் விவரங்கள் எதிருரையிலேயே இருந்திருக்க வேண்டும். குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டதும் உங்களுக்குப் பெரிய இழப்பு. கணக்குப் புத்தகப் பதிவு மட்டுமே ஒருவரைக் கடனாளி ஆக்காது என்பது சாட்சியச் சட்டத்தின் விதியானாலும், கணக்காளரின் வாய்மொழிச் சாட்சியம் மறுக்கப்படாமல் அதோடு சேர்ந்து நிற்கிறது.

ஆகவே படிவம் உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால், வட்டியையும் 50,000 ரூபாயையும் மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்யுங்கள். மேல்முறையீட்டில் எதிர்க்கும் தொகைக்கே நீதிமன்றக் கட்டணம் என்பதால் செலவும் குறையும்.

மேல்முறையீடு தாக்கல் ஆனதாலேயே வசூல் நின்றுவிடாது; கட்டளை 41, விதி 5இன் கீழ் தடையாணை மனுவையும் உடன் போட வேண்டும். பணத் தீர்ப்பாணைகளில் தொகையின் ஒரு பகுதியை, பல நேரங்களில் பாதி வரை, நீதிமன்றத்தில் கட்டச் சொல்வது வழக்கம். அதற்கான ஏற்பாட்டை இப்போதே தொடங்குங்கள். தீர்ப்பாணையை நிறைவேற்ற மருத்துவமனைக்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு, ஆதலால் சும்மா இருந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கைது பற்றி அஞ்ச வேண்டாம். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்ணைக் கைது செய்ய நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் 60ஆம் பிரிவு காக்கிறது. உங்கள் 34,000 ரூபாயில் மாதம் 11,000 ரூபாய் வரை பிடிக்கலாம், அதுவும் ஒரே தீர்ப்பாணைக்கு மொத்தம் 24 மாதம்தான். வீடு உண்மையில் அம்மாவின் சொந்தச் சொத்தானால், உங்கள் கடனுக்காக அதைத் தொட முடியாது. அப்பா வேறு சொத்து விட்டுச்சென்றிருந்தால் அதில் உங்களுக்கு வரும் பங்கு ஜப்திக்கு உட்படும்.

மருத்துவமனை சமரசத்துக்கு வந்தால் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் பணத்தை வெளியில் கொடுத்துவிட்டு அதைக் கட்டளை 21, விதி 2இன்படி 30 நாளுக்குள் நீதிமன்றத்தில் பதிவு செய்யாமல் விட்டால், வசூல் மனுவின்போது அந்தப் பணம் கணக்கில் வராது. இன்னொரு 50,000 ரூபாயை அப்படி இழந்துவிடாதீர்கள்.

வழக்கறிஞர் செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவிடம் தீர்ப்பின் சான்றிட்ட நகல், வழக்குரை, எதிருரை, அந்தப் படிவம், ரசீது ஆகியவற்றோடு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வழக்கறிஞரை அமர்த்தவும் மனுக்களைத் தயாரிக்கவும் நாள் பிடிக்கும், உங்கள் கணக்கில் மீதமிருப்பது 44 நாளும் நகலுக்குச் சென்ற நாட்களும்தான்.