கே-1 ஆஸ்ட்ரான் ஸ்கவுட்: பாராசூட் தொலையவில்லை

வணக்கம். எஸ்டெஸ் நிறுவனத்தின் பழைய 'ஆஸ்ட்ரான் ஸ்கவுட்' மாதிரி ராக்கெட் பாகங்கள் உள்ள உறையில் பாராசூட் காணவில்லை, விற்றவர் எடுத்துக்கொண்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். அவரைச் சந்தேகிக்க வேண்டாம். இந்த மாதிரிக்குப் பாராசூட்டே கிடையாது.

டென்வரில் மாடல் மிசைல்ஸ் நிறுவனத்துக்கு உந்துபொறி செய்து கொடுப்பதற்காக 1958-இல் தொழில் தொடங்கிய வெர்னான் எஸ்டெஸ், அவற்றைச் செய்யத் தாமே வடிவமைத்த 'மேபல்' என்ற இயந்திரம் அந்நிறுவனத்தின் தேவைக்கு மேல் உற்பத்தி செய்ததால், அஞ்சல்வழி விற்பனையில் இறங்கினார். பிறகு சொந்த மாதிரிகளையும் விற்றார். அவற்றில் முதலாவது உங்களிடம் இருப்பது. கே-1 என்ற எண்ணுக்குப் பொருள் அதுதான்.

இது இறங்கும் விதம் அழகானது. உச்சியில் வெளியேற்று மருந்து (உந்துபொறியின் முன்முனையில் உள்ள சிறு வெடிமருந்து) வெடித்ததும் உந்துபொறி குழாயில் பின்னோக்கி நழுவி, கம்பிக் கொக்கியில் சிக்கி நிற்கும். எடை வால்பக்கம் போவதால் ஈர்ப்பு மையம், காற்றின் விசை செயல்படும் புள்ளியான அழுத்த மையத்துக்குப் பின்னால் சென்றுவிட, நிலைத்தன்மை இழந்த ராக்கெட் குட்டிக்கரணம் அடித்தபடி மெதுவாக விழும். ஆகவே இக்கால மாதிரிகளுக்குச் செய்வதுபோல உந்துபொறியில் நாடா சுற்றி இறுக்கினால், அது நழுவாமல் ராக்கெட் மூக்குக் குத்தித் தரையில் பாயும்.

உறையோடு வந்த பழைய உந்துபொறிகளைப் பற்றவைக்காதீர்கள். வெப்பநிலை மாறி மாறி மருந்து விரிசல் விட்டிருந்தால் அவை வெடிக்கக்கூடும். நானாக இருந்தால் அசல் பாகங்களை ஒட்டிச் சேர்க்காமல் அப்படியே வைத்துவிட்டு, பால்சா துடுப்புகளை அளந்து நகல் ஒன்று செய்து பறக்கவிடுவேன்.