7 பாலக் கணக்கு: வரையறையைத் தள்ளிப் போடுங்கள்
நூலகப் பேச்சில் கோட்டுருவியலின் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம்) வரையறைகளைச் சொன்னதுமே கூட்டம் கலைந்தது என்றீர்கள். அவற்றைத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆறு நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்த பழைய ஐரோப்பிய நகரமான கோனிக்ஸ்பெர்க்கின் படத்தைக் கையில் கொடுத்து, அதன் 7 பாலங்களில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும் கடக்கும் பாதையைத் தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தோற்கட்டும்.

உங்கள் பேச்சில், ஏன் முடியவில்லை என்ற கேள்வி அவர்களுக்கு எழும் முன்பே விடை வந்துவிட்டது. அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு நிலத்திலும் பாலங்களை எண்ண வையுங்கள்: 5, 3, 3, 3. உள்ளே வந்தால் வெளியேறவும் ஒரு பாலம் வேண்டுமே! அதனால் தொடக்கமும் முடிவும் தவிர மற்ற இடங்களில் இரட்டைப்படைதான் வர வேண்டும். இங்கே நான்குமே ஒற்றை. 18ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லர் கண்ட அழகு இதுதான்.

வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அவரே இன்னொருவருக்கு விளக்கினால் சரி.

ஒன்று: எண்ணிக்கை பொருந்தினால் பாதை கட்டாயம் உண்டு என்பதற்குத் தனி நிறுவல் வேண்டும். அதையும் காட்டிவிட்டதாகச் சொல்லாதீர்கள்.