வக்கீலை மாற்றலாம், ஆனால் 60 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள்

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் சம்பளத்துக்கு இருந்தான். பூட்டிக்கிடந்த செட்டியார் வீட்டில் களவுபோன பித்தளைச் சாமான்கள் அந்தக் கடையில் இருந்ததாகக் கைது செய்துவிட்டார்கள். ஜூன் 12 அன்று ரிமாண்ட். தெரிந்தவர் ஒருவர் வக்கீலிடம் கூட்டிப்போனார். அந்தத் தெரிந்தவர் கையில் இதுவரை 75,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். வக்கீலை ஒருமுறைதான் பார்த்தோம், போனை எடுப்பதில்லை. ஜாமீன் ஒருதடவை தள்ளுபடி. மதுரைக்குப் போக இன்னும் 60,000 வேண்டுமாம். வேறு வக்கீல் வைக்கிறோம் என்றால், பாக்கியைக் கட்டினால்தான் கேஸ் கட்டு கிடைக்கும் என்கிறார்கள். கொடுத்த பணம் திரும்புமா? இன்று ஜூலை 22. என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் வக்கீல் மீதுதான் கோபம் இருக்கிறது. எனக்கு அந்தத் "தெரிந்தவர்" மீதுதான் சந்தேகம். பணம் அவர் கையில், பேச்சு அவர் வாயில். 60,000 கேட்டது வக்கீலா அவரா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இன்னும் ஒரு வக்கீலை வைக்கவில்லை, ஒரு தரகரை வைத்திருக்கிறீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து நீவிவிட்டார். நாள்காட்டியில் கிழித்த தாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: வக்கீல் 30, ஸ்டேஷன் 10, ஜட்ஜ் 25. அந்த வக்கீலை நேரில் கேட்டேன். அவர் கைக்கு வந்தது 8,000. மற்றதெல்லாம் தாளை எழுதியவன் பையில் போயிருக்கிறது. நீதிபதிக்கு அப்படி ஒரு பணம் கேட்கப்பட்டதே தெரியாது. மகனின் ஜாமீனுக்காக அந்த அம்மா தோட்டை விற்றிருந்தார்.

ஸ்டேஷன் வாசலிலும் கோர்ட் டீக்கடையிலும் நிற்கும் இந்த ஆட்களை நம்பாதீர்கள். "ஜட்ஜிடம் பேசணும்" என்று எவன் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். தரகர்களைத் தடுக்க வழக்கறிஞர் சட்டத்தில் 2023-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். ஒரு குடும்பத்தின் நகையைக் கரைப்பவனுக்கு 500 ரூபாய்! சட்டம் எழுதுகிறவர்கள் ஒருநாள் கோர்ட் வாசலில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. தரகரை விட்டுவிட்டு வக்கீலின் அலுவலகத்துக்கு நேராகப் போங்கள். அவர் மாலையில் வரும் நேரத்தைக் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். இதுவரை உங்களுக்கு எவ்வளவு வந்தது, என்னென்ன மனு போட்டீர்கள், தள்ளுபடி உத்தரவின் நகல் எங்கே என்று பொறுமையாகக் கேளுங்கள். கையெழுத்திட்ட ரசீதும் கேளுங்கள். பல வக்கீல்களுக்கு உங்கள் முகமே தெரியாமல் போவது இந்த இடைத்தரகால்தான். நேரில் பேசினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஒருமுறை தள்ளுபடியானதை வைத்து மட்டும் அவரைக் குறை சொல்லாதீர்கள். மாஜிஸ்திரேட் மறுத்தால் சிவகங்கை செஷன்ஸ் கோர்ட், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்று படிகள் இருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து பதில் வரவில்லை என்று அரசு வக்கீல் சொன்னால் அதற்கே ஒரு வாய்தா. பக்கத்து ஊர் ஸ்டேஷனிலிருந்து ஒரு காகிதம் வர ஒரு வாரம் ஆகிறது, அந்த ஒரு வாரமும் ஒரு ஆள் உள்ளே கிடக்கிறான். இந்தக் கொடுமைக்கு எந்த வக்கீலும் பொறுப்பில்லை.

பேசிப் பார்த்தும் திருப்தி இல்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள். தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்வது உங்கள் தம்பியின் உரிமை. பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு அதிகாரம் கிடையாது. இதை உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டணப் பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய வக்கீல் "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை சுலபம். மறுத்தால் புதிய வக்கீல் கோர்ட்டில் மனுக் கொடுத்து அனுமதி வாங்குவார். காகிதங்களுக்கும் கெஞ்ச வேண்டாம், நகல் மனுப் போட்டுக் கோர்ட்டிலிருந்தே எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம். புதிய வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட வேண்டியது சிறையில் இருக்கும் தம்பி, அதைச் சிறை அதிகாரி சான்றிட வேண்டும். வீட்டில் நீங்கள் போட்டுக் கொடுக்கும் கையெழுத்து செல்லாது.

ஆனால் மாற்றக்கூடாத சில நாட்கள் உண்டு. இதை நிதானமாகப் படியுங்கள், வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். போலீஸ் குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், வழக்கு பலமா பலவீனமா என்றே பார்க்காமல் ஜாமீன் கொடுத்தாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவு இது. திருட்டுப் பொருளை வாங்கி வைத்திருந்தார் என்ற பிரிவு மட்டும் இருந்தால் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு, கெடு 60 நாள். கைதான நாளிலிருந்து எண்ணாதீர்கள், மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட, அதாவது ரிமாண்ட் ஆன நாளிலிருந்து எண்ணுங்கள், அந்த நாளையும் சேர்த்து. ஜூனில் 12 முதல் 30 வரை 19 நாள். ஜூலை முழுதும் 31, ஆக 50. ஆகஸ்ட் 10 அன்று 60 முடிகிறது. நீங்கள் எழுதிய இன்று 41-ஆம் நாள். ஆகஸ்ட் 11 காலையில் கோர்ட் திறந்தவுடன் மனு உள்ளே போக வேண்டும். மதியம் வரை அசட்டையாக இருந்து, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை போச்சு. தானாக யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும். வாயால் கேட்டாலும் போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் வக்கீலை மாற்றப் போராடிக் கொண்டிருக்காதீர்கள். இருக்கிறவரையே அன்று மனுப் போடச் சொல்லி, கூடவே நில்லுங்கள். மாற்றுவதானால் இந்த வாரத்திலேயே மாற்றுங்கள். எஃப்.ஐ.ஆரில் பெரிய பிரிவு ஏதும் இருந்தால் கெடு 90 நாளாகலாம். புதிய வக்கீலிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லையென்றால் கடன் வாங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி, காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைத் தேடிப் போங்கள். தேடித்தான் போக வேண்டும். தரகன் வாசலிலேயே நிற்கிறான், இலவச உதவியின் பலகை மட்டும் உள்ளே எங்கோ தொங்குகிறது. இதை யாரும் மாற்றாமல் இருப்பது எனக்கு வருஷக்கணக்கான வருத்தம்.

பணம் திரும்புமா? உண்மையைச் சொல்கிறேன், ரசீது இல்லாத ரொக்கம் என்றால் கடினம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்போடு அந்தக் கதவு மூடிவிட்டது. வக்கீல் தவறு செய்ததற்கு ஆதாரம் இருந்தால் வக்கீல்களைக் கண்காணிக்கும் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதலாம். அவர்கள் புகாரை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் அது டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். அதற்குள் உங்கள் தம்பி வழக்கே முடிந்துவிடலாம். போனில் அனுப்பிய பணம் இருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டுகளையும், தரகர் பேசிய குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அவர் மேல் மோசடிப் புகார் கொடுக்க அதுதான் கைப்பிடி. அதையும் தம்பி வெளியே வந்தபிறகு செய்யுங்கள்.

ஜாமீன் கிடைத்த அன்று அதே தரகர் மறுபடி வருவார், "ஜாமீன்தாரர் நான் தருகிறேன், ஆளுக்கு இவ்வளவு" என்று. போலி வீட்டுவரி ரசீதோடு வரும் ஆட்கள் அவர்கள். மாட்டினால் ஜாமீனே ரத்தாகலாம். ஆகஸ்ட் 11-க்கு முன்பே சொந்தத்தில் இரண்டு பேரை, ஆதார், வீட்டுவரி ரசீது சகிதம் தயாராக வைத்திருங்கள்.